பள்ளிவாசல் முற்றத்தில் ஓர் ஓம்

என் மனைவியிடம் என்ன கேட்டாலும் முதலில் வருவது "இல்லை". தேத்தண்ணி வேண்டுமா என்றால் இல்லை. பிறகு என்னுடையதில் பாதியைக் குடிப்பாள். கால் நோகிறதா என்று வைத்தியர் கேட்டபோதும் அதே பதில்தான். அதனால் முழங்கால் சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்போர் வரிசையில் அவள் பிந்திப் போய்ச் சேர்ந்தாள். இன்னும் வரிசையில்தான் நிற்கிறாள்.

நான் ஓய்வு பெறும்வரை கவுன்சிலில் பார்த்த வேலை, பொதுக் கட்டடங்களில் படி ஏற முடியாதவர்களுக்கு மாற்று வழி இருக்கிறதா என்று பார்ப்பது. பாதி லண்டனுக்குச் சரிவுப்பாதை கேட்டு எழுதியிருக்கிறேன். கிடைத்தது சொற்பம். ஆகவே பழைய டில்லியிலுள்ள முகலாயர் காலத்துப் பள்ளிவாசலைப் பார்க்க வேண்டும் என்று அவள் சொன்னபோது, படத்தில் எல்லோரும் பார்க்கிற மினாராக்களை விட்டுவிட்டு நான் படிகளைப் பார்த்தேன். மலைபோல் இருந்தன. முகலாயர் எங்கள் பிரிவின் ஆலோசனையைப் பெறவில்லை.

அவளுக்கு அந்த ஆசையை ஊட்டியவர் லண்டனின் சவுத்தாலில் பாடசாலைச் சமையலறையில் அவளோடு வேலை செய்த பழைய டில்லிக்காரி. குளிர்காலத்தில் இருவரும் ஹீட்டருக்குப் பக்கத்தில் நின்று கை சூடாக்கும்போது அந்த அம்மா தன் பள்ளிவாசல் முற்றத்தைப் பற்றிப் பேசுவாராம். வெறுங்காலோடு நின்றால் கல் சுடும், சின்ன வயதில் துள்ளித் துள்ளி ஓடுவோம் என்பாராம். ஒருநாள் கூட்டிப் போகிறேன் என்றும் சொல்லியிருந்தார். போன வருடம் இறந்துவிட்டார். அந்தக் கல்லில் ஒருமுறை கால் வைக்க வேண்டும் என்பதுதான் என் மனைவி கேட்டது.

விசா, காப்புறுதி, விமான நிலையத்தில் சக்கர நாற்காலி எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். எனக்கு அது மட்டும்தான் தெரியும். தை மாதத்துப் புகைமூட்டத்தில், ரிக்‌ஷாக்களுக்கும் கபாப் புகைக்கும் நடுவே, படிகளின் அடியில் போய் நின்றோம். அவள் அண்ணாந்து பார்த்தாள்.

"நீங்கள் ஏறிப் பாருங்கோ. வேறை வழி இருந்தால் போனிலை சொல்லுங்கோ."

ஏறினேன். எனக்கே மூச்சு வாங்கியது. சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே கால் வைத்ததும் போன் அடித்தது. எனக்குக் காது மந்தம். காது மந்தமானவர்களின் குரல் மந்தமாக இருப்பதில்லை.

"போயிட்டியளே?"

"ஓம்."

"பள்ளிவாசல் முத்தம் பெரிசோ?"

"ஓம்."

"சிவப்புக் கல்லோ?"

"ஓம். ஓம். ஓம்."

நிமிர்ந்தபோது நாலைந்து பேர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சால்வை போர்த்திய பெரியவர் ஒருவர் கிட்டே வந்து, இங்கே என்ன மந்திரம் சொல்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். குரலில் கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது. இதற்கு முன்பும் யாராவது வேண்டுமென்றே வந்து வம்பு செய்திருக்க வேண்டும். இந்தக் காலத்தில் அந்த இடத்தில் அந்த ஒரு சொல் எப்படிக் கேட்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் மொழியில் அதற்கு "ஆம்" என்று பொருள், எங்கள் ஊர் முஸ்லிம்களும் அப்படித்தான் சொல்வார்கள் என்றேன். சொல்லும்போதே எனக்கே நம்பிக்கை வரவில்லை. மனைவியிடம் பேசினேன், முழங்கால் நோவால் படி ஏற முடியாமல் கீழே நிற்கிறாள் என்றேன். அப்படியானால் அவர் சொல்லட்டும், கேட்கிறோம் என்றார் பெரியவர். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"உமக்குக் கால் நோகுதோ?"

"இல்லை."

அது "இல்லை" என்ற சொல் என்று விளக்கினேன். பெரியவர் தலையசைத்துக் காத்திருந்தார்.

"களைப்பா இருக்கோ?"

"இல்லை."

"பசிக்குதோ?"

"இல்லையப்பா. என்ன, விசாரணை வைக்கிறியளோ?"

ஒருவர் சிரித்தார். பக்கத்தில் நின்றவருக்கும் சிரிப்பு வந்தது. கலியாணம் கட்டியவர்கள் போலும். பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. சாதாரணமாக "ஓம்" வருகிற கேள்வி ஒன்றைத் தேடினேன். இத்தனை வருட வாழ்க்கையில் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில், படிகளைக் கண்ட நேரம் தொட்டு நான் தவிர்த்து வந்ததைக் கேட்டேன்.

"வேறை வழி ஒண்டும் இல்லை. எண்டாலும் மேலை வரோணும் எண்டு ஆசையோ?"

தெருவின் ஹோர்ன் ஒலி மட்டும் போனுக்குள் கேட்டது.

"ஓம்" என்றாள். மூக்கு அடைத்த குரல்.

பெரியவருக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. வாசலில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கச் சொன்னார். நானும் பின்னால் இறங்கினேன். இருவர் அதைக் கீழே கொண்டு போய், இதில் இருங்கள், தூக்கிக்கொண்டு போகிறோம் என்று சைகை காட்டினார்கள்.

"நான் என்ன சாமியோ, காவிக்கொண்டு போக?" என்றாள்.

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அன்றைக்கு அந்த வகைச் சொற்கள் போதும்.

ஆகவே வெறும் நாற்காலி முன்னால் ஏறியது. அவள் என் தோளைப் பிடித்துச் சில படி ஏறி அதில் இருப்பாள். எழும்பியதும் அது இன்னும் மேலே போகும். நான் பார்த்த எந்த விதிமுறையிலும் இப்படி ஓர் ஏற்பாடு இல்லை. மேலே வந்து சேர்ந்தபோது தொழுகை நேரம் நெருங்கிவிட்டிருந்தது. அந்த நேரத்தில் வெளியாட்கள் இறங்கிவிட வேண்டும். அந்த விதி எனக்குத் தெரியும், லண்டனிலேயே வாசித்து வைத்தது. பெரியவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அவள் முழங்காலைப் பார்த்தார், பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

குனிந்து அவளுடைய சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிவிட்டேன். கால் வீங்கியிருந்தது. கல்லில் வைத்தாள்.

"சில்லெண்டு கிடக்குது" என்றாள். "அவ சுடும் எண்டெல்லே சொன்னவ."

"தை மாசமப்பா."

கண்ணைத் துடைத்தாள். இறங்க வேண்டிய படிகளை நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பாத்தது போதுமோ?" என்று கேட்டேன்.

"இல்லை" என்றாள். "வெயில் காலத்திலை ஒருக்கா வரோணும்."