அம்பு கிட்டாரும் ரப்பர் பட்டையும்

அமெரிக்காவில் கலமசூ நகரத்துக் கிட்டார் தொழிற்சாலையின் உப்புத்தாள் அறையில் வருடக்கணக்காக மரத்தூளைத் தின்றவர் ரூலாஃப் டைக்கெமா. இருமினால் கைக்குட்டை பழுப்பாகும். ரேடியோவைத் திருப்பினாலே ராக்கெட் பேச்சாக இருந்த அந்த ஐம்பதுகளில் முதலாளி புதுமாதிரி கிட்டார் கேட்டார். ரூலாஃப் அட்டையில் ஒன்றை வெட்டி நீட்டினார். இடுப்பு வளைவே கிடையாது. அம்பு முனை மாதிரி உடம்பு, பின்னால் பிளந்து நிற்கும் இரண்டு கால்கள். 'அம்பு' என்றே பெயர் விழுந்தது.

மேலாளர் ஸ்வார்ட் ஒளிவுமறைவு வைக்கவில்லை.

"கடைக்காரங்க வாங்கினா உனக்கு வரைபட அறை. இல்லேன்னா பழையபடி தூசிதான், டைக்கெமா."

வரைபட அறைக்குப் பெரிய ஜன்னல். டாக்டர் சொன்ன நல்ல காற்று அங்கேதான் இருந்தது.

கடைக்காரர்கள் வரும் நாளன்று காலை ஓட்ஸ் கஞ்சியை ரூலாஃப் தொடவில்லை. பெப்பர்மிண்ட் மிட்டாயாகப் போட்டுத் தள்ளினார்.

"பிரசங்கத்துக்கு வச்சிருந்ததையெல்லாம் தீர்த்துட்டியா? ஞாயித்துக்கிழமை சர்ச்ல நான் தூங்கி விழுந்தா நீதான் பொறுப்பு" என்றாள் மனைவி டீனா. அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

பட்டறையில் எல்லோரும் தோளில் வாரை மாட்டி நின்றபடியே அம்பை வாசித்துப் பார்த்திருந்தார்கள். உட்கார்ந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வந்த பருத்த கடைக்காரரோ முக்காலியில் உட்கார்ந்து தொடையில் வைத்தார். அது வழுக்கித் தரையில் போய் விழுந்தது.

"இது கிட்டாரா, சறுக்குமரமா?"

கூட்டமே சிரித்தது. ரூலாஃப் ஓடிப்போய்த் தன் காரின் கால்மிதி ரப்பரை அறுத்துவந்து, கிட்டாரின் கீழ்க்கால் ஓரத்தில் ஒட்டி, பசை பிடிக்கும்வரை கையால் அழுத்திக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை அது தொடையிலேயே நின்றது. ஆளுக்கு ஒன்று கேட்டார்கள். அன்றிரவு அவர் இருமாமல் தூங்கினார்.

அதற்குமேல் ஒருவரும் கேட்கவில்லை. பனிக்காலத்தில் மனம் பொறுக்காமல் டீனாவோடு சிகாகோ போனார். அந்தப் பருத்த கடைக்காரரின் கடை வாசலுக்கு மேலே அம்பு தொங்கியது. கம்பிகள் இல்லை. முனை கதவைக் காட்டியது.

"யாராவது வாசிச்சாங்களா?"

"அதை எவன்யா வாசிப்பான்? ஆளுங்களுக்கு வழி காட்டத்தான் வாங்கினேன். நல்லாவே காட்டுது!"

திரும்பும் வழியில் டீனா மிட்டாய் நீட்டினாள். அவர் கை நீளவில்லை. திங்கட்கிழமை, ஸ்வார்ட் சொன்ன மாதிரியே, பழையபடி உப்புத்தாள் அறைக்குப் போனார்.

வருடங்கள் கழித்து, நீளமுடிப் பையன்கள் அம்புதான் வேண்டும் என்று அலைந்தார்கள். தொழிற்சாலை மறுபடி செய்ய ஆரம்பித்தது. ரப்பர் பட்டைக்குப் பள்ளம் வெட்டிய முதல் உடம்பு ரூலாஃபின் மேசைக்குத்தான் வந்தது.

"எவன் வரைஞ்சானோ, எல்லாம் ஓரமும் முனையுமா இருக்கு" என்றான் புது மேஸ்திரி. "தூசி ஜாஸ்தி வரும் பெரியவரே, மூக்கைக் கட்டிக்குங்க."

ரூலாஃப் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தார்.