கையில் கொடுத்த கத்தி

நான் கத்தி வைத்திருப்பவள். இன்றைக்கும் என் இடுப்புச் சுருக்குப் பையில் வெற்றிலை, சுண்ணாம்பு டப்பாவோடு ஒரு மடக்குக் கத்தி இருக்கிறது. பேருந்தில் அதை எடுத்துக் கொய்யா நறுக்கினால் பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறார்கள். நகரட்டும். எனக்கு இடம் தாராளமாகக் கிடைக்கிறது.

அஞ்செட்டிப் பக்கம் மாடு மேய்த்த வயதிலிருந்தே கத்தி இல்லாமல் நான் வெளியே இறங்கியதில்லை. காலில் முள் ஏறினாலும் அதுதான், கன்றின் கழுத்தில் கயிறு இறுகிப் போனாலும் அதுதான். கல்யாணமாகி ஓசூர் வந்த பிறகும் விடவில்லை. மற்றப் பெண்கள் சந்தையில் வளையல் கடையில் நிற்பார்கள், நான் கத்திக் கடையில் நிற்பேன். தேருக்குப் போனால் ஒன்று, கிருஷ்ணகிரிச் சந்தைக்குப் போனால் ஒன்று என்று ஒரு டிரங்குப் பெட்டியில் பாதி சேர்ந்துவிட்டது. மாங்காய்க் காம்பு அறுக்க முனை வளைந்தது, கொம்புப் பிடி போட்டது, சிவப்புப் பிடி மடக்குக் கத்தி. எல்லாவற்றிலும் எனக்கு உசத்தி, அஞ்செட்டிக் கொல்லர் லாரி ஸ்பிரிங்கை அடித்துச் செய்து கொடுத்த குட்டைக் கத்தி. மடங்காது. தோல் உறையில் இருக்கும். அந்தக் கத்தியால் என் இரண்டு பிள்ளைகளுக்கும் கரும்பு சீவிக் கொடுத்திருக்கிறேன்.

கத்தியை எங்கள் பக்கம் யாரும் கையில் கொடுக்க மாட்டார்கள். கீழே வைப்பார்கள், வேண்டியவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கையில் கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும். என் நாத்தனார் ஒருமுறை அவசரத்தில் அரிவாளை நீட்ட, நானும் நினைப்பில்லாமல் வாங்கிவிட்டேன். அந்த வாரமே ஒரு கோழி விஷயமாக ஆரம்பித்தது, அவள் மகள் கல்யாணம் வரைக்கும் எங்களுக்குள் பேச்சில்லை. சந்தையில் கத்தி விற்ற பாய்க்கும் இது தெரியும். துணி விரித்து அதன் மேல்தான் வைப்பார்.

"மடங்கறது வேணுமா, மடங்காதது வேணுமாம்மா?"

"என்னப் பாத்தா எப்படித் தெரியுது பாய்?"

"மடங்காததுதான்" என்று சொல்லிச் சிரிப்பார்.

எண்பதுகளில் ஓசூரில் பார்க்கும் பக்கமெல்லாம் கம்பெனி எழும்பியது. ஒரு கம்பெனியில் பேக்கிங் பக்கம் எனக்குக் கான்ட்ராக்ட் வேலை கிடைத்தது. லாரியில் வந்து இறங்கும் பெட்டிகளின் பிளாஸ்டிக் பட்டையை அறுத்துப் பிரிக்க வேண்டும், மறுபடி கட்டும் பெட்டிகளுக்குச் சணல் கயிறு நறுக்க வேண்டும். நாளெல்லாம் அறுப்பதுதான் வேலை. ஆனால் கம்பெனி எங்களுக்குக் கத்தி கொடுத்ததில்லை. அவரவர் கத்தியை அவரவர் கொண்டு வர வேண்டும். அதை யாரும் குறையாகச் சொன்னதுமில்லை.

அப்புறம் ஆம்பளைகள் இரண்டு பேர், மிஷின் ஓட்டுகிறவர்கள், பஸ் ஸ்டாண்டில் குடித்துவிட்டுச் சண்டை போட்டார்கள். ஒருத்தன் இன்னொருத்தன் கையைக் கத்தியால் கீறிவிட்டான். கம்பெனிக்கு வெளியே நடந்தது. பெண்பிள்ளைக்கு அதில் சம்பந்தமே இல்லை. மறுநாள் காலையில் கேட்டில் யார் பையைக் கொட்டினார்கள் தெரியுமா? எங்கள் பையை.

கேட்டுக்கு ஒரு செக்யூரிட்டி ஆபீசர் இருந்தார். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர், தெற்கத்திக்காரர், பெரிய மீசை. ஆம்பளைகள் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வரிசையாக உள்ளே போனார்கள். அவர்கள் சாவிக் கொத்தில் சின்னக் கத்தி ஆடிக்கொண்டிருந்தது எனக்கே தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. எங்கள் சுருக்குப் பைகளை மட்டும் மேஜை மேல் கவிழ்த்தார். புகையிலை, பாக்கு, முடிக்கயிறு, எல்லாம் அத்தனை பேர் முன்னால் உருண்டது. என் சிவப்புக் கத்தியைத் தூக்கிப் பிடித்தார்.

"என்னக்கா இது, யாரைக் குத்தப் போற?"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"இப்போதைக்கு யாரும் இல்லீங்க" என்றேன்.

சிரிப்பு நின்றது. கத்தி அவர் டிராயருக்குள் போனது. எப்போது கொடுப்பீர்கள் என்று கேட்டதற்கு, "வேலைய விட்டுப் போற அன்னைக்கு வாங்கிக்க" என்றார்.

மறுநாள் கொம்புப் பிடிக் கத்தியோடு போனேன். வேலைக்குக் கத்தி வேண்டும், வேறென்ன செய்வது? அதையும் பிடுங்கினார். அதற்கு அடுத்த நாளும் ஒன்று போனது.

"உங்க வீட்டுல கத்தி காய்க்கிற மரம் இருக்காக்கா?"

"இருக்குதுங்க. நீங்கதான் காய்க்கக் காய்க்கப் பறிக்கறீங்களே."

இப்படியே நாளுக்கொன்றாகப் போய், கடைசியில் மாங்காய்க் கத்தியும் போய், பெட்டியில் லாரி ஸ்பிரிங் கத்தி ஒன்றுதான் மிஞ்சியது. என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். "அதையும் கொண்டு போய்க் குடுத்துட்டு வா. அப்புறம் அருவாமனை ஒண்ணு இருக்குது" என்றார். ஒளித்து எடுத்துப் போகலாமே என்று வேலையில் ஒருத்தி யோசனை சொன்னாள். என் பொருளை நான் எதற்கு ஒளிக்க வேண்டும்? இடுப்பில் செருகிக்கொண்டு நேராகத்தான் போனேன். அதுவும் டிராயருக்குள் போனது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கத்தி இல்லாமல் பட்டையை எப்படி அறுப்பது என்று சூப்பர்வைசரைக் கேட்டோம். இரும்பறுக்கும் ஹாக்ஸாவின் உடைந்த பிளேடுத் துண்டுகளைக் கொண்டு வந்து கொட்டினார். பிடி கிடையாது. இரண்டு பக்கமும் கை வைக்க முடியாது. துணி சுற்றிக்கொண்டு அறுத்தோம்.

மாம்பழக் காலம் அது. ஒரு மத்தியானம் தண்ணீர் பிடிக்கக் கேட் பக்கம் போனவள், ஜன்னல் வழியாகப் பார்த்தேன். செக்யூரிட்டி ஆபீசர் காலை நீட்டி உட்கார்ந்து மாம்பழம் அறுத்துக்கொண்டிருந்தார். என் லாரி ஸ்பிரிங் கத்தியால். துண்டை முனையில் குத்தி அப்படியே வாயில் போட்டுக்கொண்டார்.

"அது என் கத்திங்க."

"சும்மா கிடந்தா துருப் புடிக்கும்லக்கா" என்று அடுத்த துண்டைக் குத்தினார்.

உள்ளே ஆபத்து என்று பிடுங்கிய கத்தி, அவர் கைக்குப் போனதும் பழக்கத்தி ஆகிவிட்டது. குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். வந்து அரை மணி ஆகியிருக்காது, என் பக்கத்தில் நின்ற வேப்பனப்பள்ளிப் பெண், கல்யாணம்கூட ஆகாதவள், "அக்கா" என்றாள். பிளேடுத் துண்டு வழுக்கி உள்ளங்கையைக் கிழித்திருந்தது. என் முந்தானையைக் கிழித்துக் கட்டினேன். சூப்பர்வைசர் ஏதோ சொல்ல வந்தார். நான் நிற்கவில்லை. அவளை இழுத்துக்கொண்டு நேராகக் கேட்டுக்குப் போனேன். அந்தக் கையை அவர் மேஜை மேல், மாம்பழத் தோல் பக்கத்தில் வைத்தேன்.

"யாரைக் குத்தப் போறன்னு கேட்டீங்களே. பாருங்க. எங்க கத்தி உங்க டிராயருல இருக்குது, இவ கை கிழிஞ்சு போச்சு."

உடனே கம்பெனி ஜீப்பைக் கூப்பிட்டுப் பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார், அதையாவது செய்தார். பிறகு டிராயரை இழுத்து என் கத்திகளை எல்லாம் எடுத்து மேஜை மேல் வரிசையாக வைத்தார். லாரி ஸ்பிரிங் கத்தியைத் தன் கர்ச்சீப்பில் துடைத்து அதையும் வைத்தார்.

"எடுத்துக்கங்கக்கா. இனிமே கேக்க மாட்டேன்."

நான் எடுக்கவில்லை.

"கையில குடுங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் ஊரிலும் அந்த வழக்கம் உண்டு போலிருக்கிறது. "கத்திய கையில குடுக்கக் கூடாதுக்கா. நமக்குள்ள சண்டை வந்துரும்."

"வரட்டும். குடுங்க."

நீட்டிய கையை நான் மடக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் கொடுத்தார். கடைசியாக லாரி ஸ்பிரிங் கத்தி. உறையின் வாயில் மாம்பழ நார் ஒட்டியிருந்தது. அதை அவர் மேஜையிலேயே வழித்துப் போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.

வேப்பனப்பள்ளிப் பெண்ணுக்குக் கை ஆறியது, சுண்டு விரல் மட்டும் முழுக்க மடங்காமல் போனது. நான் அந்தக் கேட்டைத் தாண்டி எத்தனையோ வருஷம் போய்வந்தேன், அவர் முகத்தை ஒரு நாளும் பார்க்கவில்லை. அவர் வேலையை விட்டு வெகுநாள் கழித்து, ஓசூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு நாள் எதிர்ப்பட்டார். மீசை வெளுத்திருந்தது.

"நல்லா இருக்கீங்களாக்கா?"

நான் வெற்றிலைக் காம்பைக் கத்தியால் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"இன்னுமாக்கா கோவம்?"

"கையிலதானே குடுத்தீங்க" என்றேன்.