வேலை செய்யாத சப்வூஃபர்

ஸ்பீக்கரை விற்க வாய் இருந்தால் போதும். அதோடு சப்வூஃபர் என்ற, தாழ்ந்த ஒலி தரும் பேஸ் பெட்டியை ஒத்துப்போக வைப்பதற்குள்தான் உயிர் போய்விடும். வீடு வீடாகப் போய் எதையாவது மாட்டிக் கொடுத்துப் பிழைப்பவர்களே, இந்த அவஸ்தை உங்களுக்குப் புரியும்.

ராயபுரத்தில் நான் புதிதாக ஆடியோ கடை போட்டிருந்த சமயம். டிவிடியும் ஹோம் தியேட்டரும் அப்போதுதான் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்தன. முதல் பெரிய ஆர்டர், காசிமேட்டு விசைப்படகு டிரைவர் ஏழுமலை அண்ணன் வீடு. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகெல்லாம் கரையில். சாயங்காலம் அவருடைய கூட்டாளிகள் பாட்டுக் கேட்க வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்தால் குப்பமே என் கடைக்கு வரும். பிடிக்காவிட்டால் கடைக்குப் பூட்டுதான். சந்தோஷத்தில் பாதி, பயத்தில் பாதி, காலையிலிருந்து எனக்குச் சோறே இறங்கவில்லை.

பரண் ஏறிய பேஸ்

நான் போவதற்குள் பேஸ் பெட்டியைப் பரணில் ஏற்றியிருந்தார்கள். போன மழைக்குத் தண்ணீர் உள்ளே வந்து ஃபிரிட்ஜ் போனதிலிருந்து, அந்த வீட்டில் கரண்ட் சாமான் எதையும் தரையில் வைப்பதில்லை. பாட்டைப் போட்டேன். பரணில் இருந்த அண்டாவும் தவலையும் சேர்ந்து தாளம் போட்டன. எனக்கு அழுகை வந்தது, அண்ணனுக்கோ ஒரே பூரிப்பு.

"இன்னா எஃபெக்டு நைனா! கச்சேரியே நடந்துகினு கீது!"

நாலு காலில் நான்

கெஞ்சிக் கூத்தாடிப் பெட்டியை இறக்கினேன். அதற்கு இடம் பார்க்க எங்களிடம் ஒரு வழி உண்டு. ஆள் உட்காரும் நாற்காலியில் பெட்டியை வைத்துப் பாட விட்டு, நாம் சுவரோரமாகத் தவழ வேண்டும். எங்கே பேஸ் தெளிவாகக் கேட்கிறதோ, அங்கேதான் பெட்டிக்கு இடம்.

அண்ணனின் நாற்காலியில் பெட்டி ஜம்மென்று உட்கார்ந்து பாடியது; நான் கட்டிலுக்கடியில் போய்க்கொண்டிருந்தேன். கருவாட்டுக் கூடையோடு வந்த அண்ணி அப்படியே நின்றுவிட்டார்.

"மோதிரம் கீதிரம் தொலைச்சிட்டியா கண்ணு? சொல்லு, நானும் தேடறேன்!"

குந்திக்கினு இருந்த பெட்டி

தையல் மெஷின் பக்கத்தில் இடம் அமைந்தது. அண்ணனின் நிம்மதிக்காக அடியில் செங்கல் கொடுத்தேன். அப்படியும் பாட்டில் வந்த தவில் மட்டும் சோகையாகவே கேட்டது. ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது பேஸ் பெட்டி அதை உள்ளே இழுத்து, ஒன்றின் சத்தத்தை மற்றொன்று அமுக்கிக்கொண்டிருந்தது! இதைச் சரிசெய்யப் பெட்டியின் பின்னாலிருந்த சின்ன சுவிட்சை மறுபக்கம் தள்ளினேன். எழுந்தது பாருங்கள் தவில்! ஸ்பீக்கர் எங்கே முடிகிறது, பெட்டி எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை. துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது.

கூட்டாளிகள் வந்தார்கள், கேட்டார்கள். ஒருத்தர் முகத்திலும் சுரத்தே இல்லை. அவர்களில் மூத்தவரான கஜா அண்ணன் பெட்டியை ஏற இறங்கப் பார்த்தார்.

"அல்லாம் ஸ்பீக்கர்லதாம்ப்பா வருது. இது சும்மா குந்திக்கினு கீது!"

அணைத்தேன்

பேசிப் புரியவைக்கிற விஷயமா இது? பாட்டு ஓடும்போதே பேஸ் பெட்டியை மட்டும் அணைத்தேன். தவில் தகர டப்பா ஆனது. கட்டிலில் சாய்ந்திருந்த கஜா அண்ணன் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். "யோவ், இன்னாத்தய்யா புடுங்கினே? வூடே காலியான மாரி கீது!"

மறுபடி போட்டேன். கஜா அண்ணன் கட்டில் சட்டத்தில் தாளம் போட்டார். பாட்டு முடிந்ததும் ஏழுமலை அண்ணன் வந்து என் தோளை ஓர் உலுக்கு உலுக்கினார்.

"நாளிக்கு கடைய எப்போ தொறப்பே நைனா? இவனுங்க அல்லாரும் வரானுங்கோ!"

ஒழுங்காகச் செய்தால் ஒன்றுமே செய்யவில்லை என்பார்கள், நிறுத்திக் காட்டினால்தான் நம்புவார்கள், அதுதான் சார் எங்கள் தொழில்.