ராணுவ ஆஸ்பத்திரியில் என் ஒன்றும் ஏழும்

பட்டாளத்தில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது என்னைக் கேட்டால், என் மனைவி முந்திக்கொண்டு, "பேப்பருக்குக் காவல் இருந்தாரு" என்பாள். பொய் இல்லை. செந்துறைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பிளஸ் டூ முடித்த கையோடு போய்ச் சேர்ந்தேன். மருத்துவப் பிரிவில் கிளார்க் வேலை. அதில் கடைசி ஒன்பது வருடம் வடக்கே ஒரு ராணுவ ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூமில் கழிந்தது. ஊரில் எல்லோரும் நான் பனிமலையில் துப்பாக்கியோடு நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் காகிதத்தில் துளை போடும் மெஷினோடு நின்றுகொண்டிருந்தேன். திருத்தவும் இல்லை. லீவில் வரும்போது கிடைத்த மரியாதை நன்றாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து போகிற ஒவ்வொருவரும் ஒரு கட்டுக் காகிதத்தை விட்டுவிட்டுப் போவார்கள். அதைக் கேஸ் ஷீட் என்போம். சேர்க்கைத் தாள் மேலே இருக்க வேண்டும். அதற்குக் கீழே டாக்டர் குறிப்பு, ஜுரம் ஏறி இறங்கிய சார்ட், ரத்தப் பரிசோதனை, ஆபரேஷன் குறிப்பு, கடைசியில் டிஸ்சார்ஜ் தாளின் நகல். வார்டிலிருந்து இந்த வரிசையில் ஒருநாளும் வந்தது கிடையாது. கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டு மாதிரி, சில சமயம் பருப்புக் கறையோடு வரும். பிரித்து, அடுக்கி, ஓரத்தில் துளை போட்டு, நூல் கோத்து, வந்த வரிசையில் ரெஜிஸ்டரில் பெயரையும் சேர்க்கை எண்ணையும் ஏற்றி, அந்த எண்ணைப் பார்த்து அலமாரியில் வைக்க வேண்டும்.

இதற்கு நடுவில் கையெழுத்து வேட்டை வேறு. எல்லைக்குப் போகப் பயப்படாத கேப்டன் டாக்டர்கள், நான் கட்டோடு வருவதைக் கண்டால் மட்டும் கேன்டீனின் பின்வாசல் வழியாக நழுவுவார்கள். "நாளைக்குப் பார்க்கலாம்" என்பார்கள். அந்த நாளைக்குள் அவர்களுக்கு மாற்றல் உத்தரவு வந்துவிடும். மழைக்காலத்தில் கரையான், மற்ற காலத்தில் எலி. இரண்டும் இல்லாத மாதத்தில் பெரிய அதிகாரியின் இன்ஸ்பெக்‌ஷன்.

ஆனால் எந்த எண்ணைச் சொன்னாலும் இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கொடுப்பேன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைப் பென்ஷனோடு சேர்த்து அரியலூருக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

இங்கே வந்த பிறகு, பழைய பட்டாளத்துக்காரர்கள் விண்ணப்பம் எழுத, படிவம் நிரப்ப என்று வீட்டுக்கு வருவார்கள். அப்படித்தான் ஒருநாள் வரதராஜன்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர், மனைவியின் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டே வந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பட்டாளத்தில் லாரி டிரைவராக இருந்தவர். இப்போது முந்திரித் தோப்பு வைத்திருக்கிறார்.

"முட்டி மறுபடியும் வலிக்குது தம்பி" என்றார். "பெரம்பலூர்ல டாக்டரு படம் எடுத்துப் பாத்துட்டு, உள்ள தகடு இருக்கு, அத எடுத்தாவணும், அது என்ன தகடு, எப்புடி வச்சாங்கன்னு கேக்குறாரு. எனக்கு எப்புடித் தெரியும்? என்னத்தான் மயக்கிப் போட்டுட்டாங்களே."

"டிஸ்சார்ஜ் தாள் குடுத்திருப்பாங்களே, அண்ணே?"

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அக்கா சுவரைப் பார்த்தார்.

"பொட்டி நனஞ்சு போச்சுன்னு தாளையெல்லாம் கொல்லையில காய வச்சோம்" என்றார் அக்கா. "ஆடு தின்னுட்டுது."

"ஆடு நல்லாத்தான் இருக்கு" என்று சேர்த்துக்கொண்டார் டிரைவர். "ரெண்டு குட்டி போட்டுச்சு."

எந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது என்று கேட்டேன். அவர் சொன்ன ஊரைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. என் ஆஸ்பத்திரி. வருடமும் என் வருடம். "அண்ணே, கவலைய வுடுங்க" என்றேன். "அந்த அலமாரிய அடுக்குனவனே நான்தான்."

உள்ளே பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. என் மனைவி வேண்டுமென்றே போட்டாள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அவர் பெயரில் விண்ணப்பம் எழுதி, அடையாள அட்டை நகல் வைத்து, பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. தேடியதில் குறிப்பிட்ட ஆவணம் கிடைக்கவில்லை என்று ஒரே வரி. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

"பேப்பரத்தான் காணோம்னு போட்டிருக்காங்க. உங்களக் காணோம்னா போட்டிருக்காங்க? சாப்புடுங்க" என்றாள் மனைவி.

மறுநாள் டிரைவரை வரச் சொல்லி, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அந்த ரெக்கார்டு ரூமுக்கே போன் போட்டேன். இப்போது அங்கே இருப்பவர் வேலூர்ப் பக்கத்துக்காரர். தமிழ்க் குரல் கேட்டதும் எனக்குத் தெம்பு வந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டேன். டிரைவர் தன் படை எண்ணைச் சொல்லி, தன் விஷயத்தை என்னிடம் பேசலாம் என்று ஒப்புதல் கொடுத்தார்.

"சார், ரெஜிஸ்டர்ல அண்ணன் பேரு இருக்கு" என்றார் அவர். "நம்பர் நானூத்தி எழுபத்தேழு. அந்தக் கட்டயும் எடுத்துப் பாத்தேன். ஆனா அதுல..." என்று இழுத்தார்.

"சும்மா சொல்லுங்க."

"அது குடும்ப வார்டு ஷீட்டு சார். அதப் பாத்தா அண்ணனுக்கு சுகப்பிரசவம். ஆம்பளப் புள்ள, மூணு கிலோ."

டிரைவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு என்னிடம் நிதானமாக, "எனக்கு ரெண்டும் பொண்ணு தம்பி" என்றார்.

நான் கொதித்துப்போனேன். "நான் வந்ததுக்கு அப்புறம் யாரோ அலமாரியக் கலச்சிருக்காங்க! என் காலத்துல இப்புடி ஒரு தாள் மாறினதில்ல!" என்று போனில் கத்தினேன். வேலூர்க்காரர் பாவம், "இருக்கலாம் சார், இருக்கலாம் சார்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குள் என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். "ரெஜிஸ்டர்ல அந்த நம்பர யாரு எழுதுனதுன்னு கேளுங்க."

"ஓரத்துல இனிஷியல் இருக்கு மேடம்" என்று போனே பதில் சொன்னது. அவர் படித்துக் காட்டிய இரண்டு எழுத்தும் என்னுடையவை.

"அது ஏழு இல்ல, ஒண்ணு" என்றாள் அவள். "இவரு ஒண்ணுக்குத் தல மேல மூக்கு வச்சு எழுதுவாரு. ஒரு கிலோ கத்திரிக்கான்னு இவரு எழுதிக் குடுத்த சீட்டக் காட்டி, நான் ஏழு கிலோ தூக்கிட்டு வந்தேன். ஒரு வாரம் வூட்ல கத்திரிக்காதான்."

போனில் மரியாதையான ஓர் இருமல் கேட்டது. "நானூத்தி எழுபத்தொண்ணப் பாக்குறேன் சார்."

அடுத்த நாள் காலையிலேயே கூப்பிட்டார். கட்டு கிடைத்துவிட்டது. எலியும் தொடவில்லை, கரையானும் தொடவில்லை. "அடுக்கியிருக்கிறது ரொம்ப சுத்தமா இருக்கு சார்" என்று ஆறுதலுக்கு ஒரு வார்த்தையும் சொன்னார். ஊசி போட்ட பிறகு கொடுக்கிற மிட்டாய் மாதிரி அதை வாங்கிக்கொண்டேன்.

நகல் தபாலில் வந்ததும் டிரைவர் உறையைப் பிரிக்காமலே என்னிடம் எடுத்துவந்தார். "நீங்களே பிரிங்க தம்பி. சத்தமாப் படிங்க, இவளும் கேக்கட்டும்" என்றார். அதுதான் அவர் செய்த தப்பு. மூன்றாவது தாளில் வார்டு சிஸ்டர் எழுதிய குறிப்பு இருந்தது. நானும் வேகத்தில் படித்துவிட்டேன்: நோயாளி ஊசிக்கு மிகவும் பயப்படுகிறார், இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

"குண்டு பாயுற எடத்துல வண்டி ஓட்டுனேன்னு சொன்னீங்களே?" என்று அக்கா கேட்டார்.

"குண்டு வேற, ஊசி வேற" என்றார் டிரைவர்.

சிரித்துக்கொண்டேதான் மிச்சத்தைப் படித்தேன். ஆபரேஷன் குறிப்பு, தகட்டின் வகை, ஸ்க்ரூ எத்தனை என்று எல்லாம் இருந்தது. கடைசித் தாளின் அடியில் என் இனிஷியல். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் இருபத்து மூன்று நாள் படுத்திருந்த வார்டு என் அறையிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரம். நான் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. அவருக்கு எந்த நாள் ஜுரம் அடித்தது என்று எனக்குத் தெரிந்திருக்கிறது, முகம் தெரியவில்லை. அந்த ஒன்பது வருடத்தில் இன்னும் எத்தனை ஒன்றுக்கு மூக்கு வைத்தேனோ. அந்தக் கட்டுகளைத் தேடி யார் யார் நொண்டிக்கொண்டிருக்கிறார்களோ.

"அண்ணே, என்னாலதான் ரெண்டு மாசம் வீணாப் போச்சு. மன்னிச்சுக்குங்க" என்றேன்.

"வுடுங்க தம்பி. நான் வண்டியக் கொண்டுபோயி மரத்துல வுட்டேன். நீங்க ஒண்ணக் கொண்டுபோயி ஏழுல வுட்டீங்க. உங்களுக்குக் கால் ஒடியல, அவ்வளவுதான்" என்றார்.

பெரம்பலூர் டாக்டர் அந்தக் குறிப்பை இரண்டு முறை படித்தாராம். அந்த வகை ஸ்க்ரூவைக் கழற்றத் தனியாக ஒரு திருப்புளி வேண்டும், தெரியாமல் திறந்திருந்தால் பாதியில் நின்றிருப்பேன் என்று சொன்னாராம். அதைத் திருச்சியிலிருந்து வரவழைத்து ஆபரேஷன் செய்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அடுத்த வாரமே வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். தகட்டை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் குலுக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

நானும் மனைவியும் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிப் போனோம். அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது என் கண் கட்டிலின் காலடியில், அவருடைய கேஸ் ஷீட்டைக் கிளிப்பில் செருகித் தொங்கவிட்டிருந்த அட்டைக்குப் போனது. ரத்தப் பரிசோதனைத் தாள் மேலே இருந்தது, சேர்க்கைத் தாள் அடியில் தலைகீழாக இருந்தது. ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. மெல்ல எழுந்து கிளிப்பைத் தளர்த்தி, முதல் தாளை உருவினேன்.

"சார்! யாரு நீங்க? ஷீட்டத் தொடாதீங்க!" என்று வாசலிலிருந்து சிஸ்டரின் குரல் வந்தது.

"தப்பா எடுத்துக்காதம்மா" என்றாள் என் மனைவி. "அவருக்கு அது ஒரு வியாதி."

சிஸ்டர் என் கையிலிருந்த தாளை வாங்கி, மறுபடியும் தப்பான இடத்திலேயே செருகினார். நான் கைகளைக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.