பேராசிரியரை விசாரித்த கதை

முனைவர் படிப்புக்கு விண்ணப்பித்த அந்த வருடத்தில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பூஞ்சையைப் பற்றி ஒரு கருத்து இருந்தது. வீடு என்றால் மும்பைத் தாராவியில் ஒரு அறை, அதன் மேல் ஏணி வைத்து ஏறுகிற இன்னொரு அறை. எல்லோரும் என்றால் அப்பா, அம்மா, நான். அப்பா கைப்பை செய்யும் கார்கானா ஒன்றில் தோல் வெட்டுகிறவர். மழைக்காலத்தில் அங்கே தைத்து முடித்துத் தொங்கவிட்ட பைகளில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை பூத்துவிடும். மற்றவர்கள் திட்டிக்கொண்டே துணியால் துடைப்பார்கள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக அங்கே போய், கொஞ்சம் பொறுங்கள், பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சுவேன். இது எங்கிருந்து வந்தது, நேற்று ஏன் இல்லை, பக்கத்துப் பையில் மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்டுக் கேட்டு அங்கிருந்தவர்களின் உயிரை வாங்கியிருக்கிறேன். கேள்வியை விடாமல் இழுத்துக்கொண்டே போனதில் நுண்ணுயிரியலில் எம்.எஸ்சி. வரைக்கும் வந்துவிட்டேன். அதற்கு மேல் போக வேண்டுமானால், பூஞ்சைக்கென்றே ஆய்வகம் வைத்திருக்கும் யாரிடமாவது போய்ச் சேர வேண்டும்.

அப்போது செம்பூரில் ஓர் ஆய்வகத்தில் தற்காலிக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கேயே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொள்ளலாம் என்றார்கள். ஆனால் அங்கே எல்லாம் குடல் பாக்டீரியா. மரியாதையான உயிர்தான், குறை சொல்லவில்லை. எனக்கு அதனிடம் கேட்க ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். "செம்பூர்லயே படிக்க முடியாதாட்டி? பஸ்ஸுலயே போயிட்டு வந்துரலாமே" என்று அப்பா ஒரே ஒரு தடவை கேட்டார். முடியாது என்று சொன்னதும் சரி என்று விட்டுவிட்டார்.

விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரை எழுத வேண்டும். நான் யார், எதை ஆராய நினைக்கிறேன், ஏன் என்று சொல்ல வேண்டும். என்னோடு படித்த மாட்டுங்காத் தோழியிடம் அதைப் படிக்கக் கொடுத்தேன். தாத்தா காலத்திலிருந்து ஆபீஸ் வேலை பார்க்கிற குடும்பம் அவளுடையது. அவளும் வெளிநாட்டுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். மாட்டுங்காவில் ஒரு பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து முழுவதையும் படித்துவிட்டு என்னை முறைத்தாள்.

"என்னடி இது, தாராவின்னு எங்கேயுமே வரலையே?"

"பூஞ்சையைப் பத்திதான கேட்டிருக்காங்க."

"அசடு. முதல் வரியிலேயே தாராவியைப் போடு. படிக்கறவா கண்ணுல ஜலம் வரணும். எனக்கு இப்படி ஒண்ணு இருந்தா விட்டிருப்பேனா?"

அவளுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. உண்மையாகவே பொறாமைப்பட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. நான் பிறந்து வளர்ந்த தெருவைப் பார்த்து முன்பின் தெரியாதவர் ஏன் அழ வேண்டும்? நாங்கள் யாரும் அழுவதில்லையே. ஆனால் அவள் சொல்வது பலிக்குமா என்று பார்க்கும் ஆசையும் தொற்றிக்கொண்டது. அதனால் இரண்டு கட்டுரை தயார் செய்தேன். ஒன்றில் முதல் வரியிலேயே தாராவி, ஒழுகும் கூரை, எல்லாம். மற்றதில் தோல், ஈரம், பூஞ்சை மட்டும். ஊர் மும்பை என்பதோடு சரி. பாதி இடங்களுக்கு அதை, பாதி இடங்களுக்கு இதை அனுப்பினேன். வாழ்க்கையை வைத்துப் பரிசோதனை செய்கிறாயா என்று தோழி தலையில் அடித்துக்கொண்டாள்.

நிறைய இடங்களில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் இரண்டு பேர் மட்டும் வீடியோவில் பேசக் கூப்பிட்டார்கள். தாராவிக் கட்டுரைக்கு அமெரிக்காவில் பெயர் பெற்ற பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஒருவர். தாராவி இல்லாத கட்டுரைக்கு ஸ்காட்லாந்தில் ஓர் அம்மையார். எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்கத் தையல் மெஷின் ஓடும் என்பதால் செம்பூர் ஆய்வகத்தின் ஸ்டோர் ரூமில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து பேசினேன்.

அமெரிக்கப் பேராசிரியர் இனிமையான மனிதர். நான் பேசப் பேசத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். ஒரு வீட்டில் எத்தனை பேர் இருப்பீர்கள், தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், கழிப்பறைக்கு எங்கே போவீர்கள் என்று கேட்டார். உன்னால் அந்த வீடுகளுக்குள் எளிதாகப் போய் மாதிரிகள் எடுத்துவர முடியும் அல்லவா என்று கேட்டார். பூஞ்சையைப் பற்றி அவர் எப்போது கேட்பார் என்று காத்திருந்தேன். நேரம் முடிந்துவிட்டது. தாராவியை முதல் வரியில் போட்டவள் நான்தான், அதனால் அவரைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை.

ஸ்காட்லாந்து அம்மையாருக்கு இனிமை கொஞ்சம் குறைவு. வணக்கம் சொன்ன கையோடு கேட்டார்: "பையில் பூஞ்சை முதலில் எங்கே தொடங்குகிறது? தையல் ஓரத்திலா, மடிப்பிலா?"

தையல் ஓரத்தில் என்றேன்.

"ஏன்? நூலினாலா, ஒட்டுகிற பசையினாலா, தைத்தவரின் கை வியர்வையினாலா?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் பார்த்துக்கொண்டிருந்தும் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கத்தைவிட சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது. தெரியாது என்று சொன்னேன். "நல்லது. எனக்கும் தெரியாது" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் கேட்டேன். "நாங்க எங்கட்டி அதையெல்லாம் கவனிச்சோம்? தொடச்சுப் போட்டுட்டு அடுத்த வேலையப் பாப்போம்" என்றார். மழைக்கு இன்னும் பல மாதங்கள் இருந்தன. பொறுக்க முடியாமல் கார்கானாவிலிருந்து தோல் துண்டுகள் வாங்கிவந்து, சிலவற்றில் பசை தடவி, சிலவற்றில் வெறும் தையல் போட்டு, சிலவற்றைக் கையால் நன்றாகத் தேய்த்து, ஈரத்துணியோடு டிபன் டப்பாக்களில் அடைத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். அம்மா ஒரு வாரம் சும்மா இருந்தார். பிறகு, "சோறு கொண்டு போற டப்பாவுல இந்தக் கருமத்த வளக்கியே, ஒன்ன எவன் கட்டுவான்?" என்று எல்லாவற்றையும் மாடியறைக்கு ஏற்றிவிட்டார். பசை தடவிய துண்டில்தான் முதலில் பூத்தது. அம்மையாருக்கு எழுதினேன். "ஒரு தடவை பார்த்தது போதாது, மறுபடியும் செய்" என்று பதில் வந்தது. பாராட்டாக ஒரு வார்த்தை இல்லை.

பிறகு இரண்டு இடத்திலிருந்தும் அனுமதி வந்துவிட்டது. பதில் சொல்லக் கொஞ்ச நாள்தான் அவகாசம். தோழிக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. "என் அத்திம்பேர் அங்கேதான் இருக்கார். அவ்வளவு பெரிய இடத்தை விசாரிக்கவே வேண்டாம்னு சொல்றார்" என்றாள். அதை அப்பாவிடம் சொன்னேன்.

"விசாரிக்க வேண்டாம்னா சொல்லுதாரு? அப்பம் அங்கதான் மொதல்ல விசாரிக்கணும்" என்றார் அப்பா. அவர் கார்கானா மாறும்போதெல்லாம் கடைப்பிடித்த முறை ஒன்று உண்டு. "மொதலாளி சேட் சொல்லுதத கேக்கக் கூடாது. இப்பம் அங்க வேல பாக்கவன் பயந்து நல்லதுதான் சொல்லுவான். விட்டுட்டு வந்தவன்ட்ட கேளு."

அமெரிக்கப் பேராசிரியரிடம் படித்து முடித்த மூன்று பேருக்கு எழுதினேன். மூவரும் உடனே பதில் போட்டார்கள். அற்புதமான வழிகாட்டி, அருமையான குழு, மறக்க முடியாத காலம். யார் எழுதியது என்பதை மறைத்துவிட்டுப் படித்தால் மூன்றும் ஒன்றுதான். ஸ்காட்லாந்தில் படித்துப் போனவர்கள் யார் என்றே இணையத்தில் கிடைக்கவில்லை.

அப்பா சும்மா இருக்கவில்லை. அவருடைய கார்கானா முதலாளி திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம். முதலாளியின் மச்சினர் அதே ஸ்காட்லாந்து ஊரில் மளிகைக்கடை வைத்திருந்தார். அவரிடம் சொல்லி அப்பா ஏற்பாடு செய்துவிட்டார். நாலைந்து நாள் கழித்து என்னிடம் வந்து, "விசாரிச்சாச்சு. ஒரு கொறையும் இல்லியாம். தங்கமான மனுசியாம்" என்றார். அவர் முகத்தில் ஏனோ தெளிவு இல்லை. வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

எப்படி விசாரித்தார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு விசாரிப்பது என்றால் மாப்பிள்ளையை விசாரிப்பதுதான், வேறு வகை தெரியாது. தெருமுனை டீக்கடையில் கேட்பார்கள், முடிவெட்டுகிற கடையில் கேட்பார்கள், கடைசியில் வெறுங்கையோடு போகாமல் இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கே போய்விடுவார்கள். அந்த வாரமே ஸ்காட்லாந்து அம்மையார், உடனே பேச வேண்டும் என்று வீடியோவில் அழைத்தார். "உன்னுடைய மாமா ஒருவர் அல்வாவோடு என் அலுவலகத்துக்கு வந்திருந்தார்" என்று ஆரம்பித்தார்.

மளிகைக்கடைக்காரர்தான் என்று புரிந்துவிட்டது. கிடைத்த இடம் போயிற்று என்றே நினைத்தேன். முதலில் வாசலில் காவலாளியிடம் தன் குணத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார், பிறகு தன் செயலாளரிடம், பிறகு தன்னிடமே வந்துவிட்டார் என்று அம்மையார் ஒவ்வொன்றாகச் சொன்னார். கோபம் வந்தால் கத்துவீர்களா, பெண்பிள்ளைகளை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்புவீர்களா என்று தன்னிடம் கேட்டார் என்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கடைசியாக ஒன்று கேட்டார். என்னை விட்டுப் போனவர்கள் இன்னும் என்னோடு பேசுகிறார்களா என்று. இதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. இரண்டு பேர் பேசுவதில்லை. அவரிடமும் அதைச் சொன்னேன். உனக்கும் தெரிய வேண்டும். அவர்கள் முகவரியை அனுப்புகிறேன், நீயே கேட்டுக்கொள். அல்வா நன்றாக இருந்தது."

இரண்டு பேரில் ஒருவர் பேசச் சம்மதித்தார். ஏதோ ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கிறார். அம்மையார் பெயரை எடுத்ததுமே குரல் மாறிவிட்டது. முடித்த வேலையை முடியவில்லை என்று சொல்லி ஒரு வருடம் மறுபடி செய்ய வைத்தாராம். இவர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிட்டாராம். என்ன வேலை அது என்று கேட்டேன். சுவரில் இருக்கும் இரண்டு பூஞ்சைகள் ஒன்றையொன்று எப்படி அடையாளம் கண்டுகொள்கின்றன என்று தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. அதற்கு இன்னும் விடை தெரியவில்லை என்று ஆதங்கப்பட்டார். பேராசிரியரோடு பேச்சை விட்டவரால் அவர் கொடுத்த கேள்வியை விட முடியவில்லை. அம்மையார் கோபக்காரர்தான், நாளைக்கு என்னையும் அழவைப்பார்தான். ஆனால் அந்தக் கேள்வி இருக்கிற இடத்தில்தான் நான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கே சம்மதம் எழுதி அனுப்பினேன். தோழி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அம்மையாரோடு பேசாமல் போன இருவரைப் பற்றி வீட்டில் நான் மூச்சு விடவில்லை. அல்வா மாமா அதை அப்பாவிடம் சொல்ல மறந்துவிட்டார் போலிருக்கிறது, நல்லதாகப் போயிற்று என்று இருந்துவிட்டேன். நான் போய் இறங்கிய அன்று அவர்தான் காரோடு வந்திருந்தார். வழியில் சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டேன்.

"மாமா, ரெண்டு பேரு அவங்ககூட பேசுறதில்லன்னு ஒங்ககிட்டயும் சொன்னாங்களாமே?"

"சொன்னாவளே. வெளிய வந்த ஒடனே ஒங்கப்பாக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். அதுக்குத்தானே என்னை அனுப்புனாரு."

"எதுக்கு?"

"ஒரு கொறை கெடச்சாப் போதும் பாய், அதச் சொல்லிப் புள்ளைய இங்கயே நிறுத்திக்கிடுவேன்னு சொன்னாரும்மா. எனக்கும் ரெண்டு பொம்பளப் புள்ள இருக்கு, மனசு கேக்கல, போயிக் கேட்டேன். கெடச்சிட்டுதுன்னு சொன்னா, அவங்களே சொன்னாவளான்னு ரெண்டு தடவ கேட்டாரு. பொறவு, அவ மாடியில டப்பா டப்பாவா பூஞ்சை வளத்து வச்சிருக்கா பாய், அவள நான் எப்பிடி நிறுத்துவேன், இத நீங்க எங்கிட்டச் சொல்லவே இல்லன்னு வச்சுக்கிடுங்கன்னுட்டாரு."

அறைக்கு வந்து சேர்ந்ததும் வீட்டுக்குப் போன் செய்தேன். அப்பாதான் எடுத்தார். குளிர் எப்படி இருக்கு, சாப்பிட்டியா என்று கேட்டார். பரவாயில்லை, சாப்பிட்டேன் என்றேன். அம்மாவிடம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தேன்.