மூன்றாவது பொட்டலம்

போன வாரம் குருண் ஊருக்குப் போயிருந்தேன், முனியாண்டி அண்ணனைப் பார்க்க. தொழிற்சாலை பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். இப்போது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வேறு யாரோ ஓட்டிப் போகும் அதே பஸ்ஸைப் பார்க்கிறார். வலது காலில் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

இத்தனைக்கும் முதலில் போக வேண்டியிருந்தது ஒரு கால்விரல்தான்!

அண்ணனுக்குப் பல வருடமாக இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி. காலில் போட்ட சப்பாத்து கடித்து, விரலில் வந்த புண் ஆறாமல் கறுத்துப் போனது. விரலை எடுத்தால் காலைக் காப்பாற்றலாம், சீக்கிரம் யோசித்துச் சொல்லுங்கள் என்றார் டாக்டர்.

“வெரல போத்தோங் பண்ணி வெட்டி எடுத்துட்டா இவரு எப்படிலா பஸ் ஓட்டுவாரு?” என்று அவர் மனைவி லெட்சுமி அக்கா என்னிடம் அழுதார். பிறகு இருவரும் யோசித்தார்கள். எப்படி? அக்காவின் தம்பியைக் கேட்டார்கள். பக்கத்து வீட்டைக் கேட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் கேட்டார்கள் – ஒருவர் வேப்பிலை அரைத்துக் கட்டச் சொன்னார், இன்னொருவர்... வேண்டாம், விடுங்கள். திரும்பப் போய் டாக்டரிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

கடைசியில், கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. என் காரில்தான் போனோம். சிவப்புப் பூ வந்தால் ஆபரேஷன், வெள்ளை வந்தால் வேண்டாம். இரண்டையும் தனித்தனி இலையில் மடித்து அம்மன் காலடியில் வைத்தார் பூசாரி. அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார்.

பிரித்தால்... சிவப்பு.

“கை தவறிருச்சு சாமி. இன்னொரு தடவ பாப்போம்லா,” என்றார் அக்கா.

பூசாரி புதிதாக மடித்து வைத்தார். மறுபடியும் சிவப்பு.

“பதறாத லெட்சுமி. நல்லா வேண்டிக்கிட்டு எடு,” என்றார் அண்ணன்.

மூன்றாவது பொட்டலத்தில் வெள்ளை! அக்கா அழுதேவிட்டார். நானும் கைகூப்பினேன். அந்த நேரத்தில் எனக்கும் வெள்ளைதான் வேண்டியிருந்தது... ஆபரேஷன் வேண்டாமென்று வந்தோம்; கறுப்பு மேலே ஏறி, பிறகு காலையே எடுத்தார்கள்.

பிடித்த பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பதற்குப் பெயர் யோசனையா? வேலை மாற, வீடு வாங்க, பெண் கொடுக்க – எத்தனை பேர் வாசலில் போய் நிற்கிறோம்! எல்லாரும் வேண்டாம் என்றாலும், கடைசியாக ஒருவர் சொன்ன ‘சரி’யைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறோம். கேட்டால், நாலு பேரைக் கேட்டுத்தான் செய்தோம் என்போம். முடிவெடுத்தது நம் பயம்தான் என்று ஒப்புக்கொள்ள மனசு வருவதில்லை.

கிளம்பும்போது தாங்காமல் சொல்லிவிட்டேன்: “சாமி உங்கள இப்படிக் கைவிட்டிருக்க வேணாம்ணே.”

அண்ணன் பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாமிய ஏம்மா குறை சொல்ற? அது ரெண்டு தடவ சரியாத்தான்லா சொன்னுச்சு.”