வேட்டி சேலையான கதை

கோவில்பட்டிக் கல்யாண மண்டபங்களில் விருந்தினர்களை அங்கேயே உட்கார்ந்து வரைந்து கொடுப்பது என் தொழில். ஃபேஷன் பாணிப் படங்கள்: நீண்ட கழுத்து, ஒடுங்கிய இடுப்பு, வழிந்தோடும் வண்ண உடை. முகத்தில் கண், மூக்கு வரையமாட்டேன்.

சென்ற மாதம் விளாத்திகுளத்திலிருந்து வந்த ஓர் அம்மா எதிரே உட்கார்ந்தார். "தாயி, அவிய வர முடியல. பக்கத்துல அவியளையும் வரைஞ்சு தா."

'அவிய', அதாவது 'அவங்க' என்றால் வீட்டுக்காரர்தானே? கேட்காமலே வெள்ளை வேட்டி, தோள்துண்டுடன் ஓர் ஆணை நிறுத்திவிட்டேன்.

அம்மாவின் முகம் வாடியது. "எங்க மதினியையல்லா சொன்னேன்! படுக்கையில கிடக்காவ. மாம்பழக் கலர் சேலை கட்டி இந்தக் கல்யாணத்துக்கு வரணும்னு ஆசையாக் கிடந்தாவ. படத்துலயாவது வந்துட்டுப் போகட்டும்னு பாத்தேன்."

நீர்வண்ணத்தை அழிக்க முடியாது. நல்லவேளை, மீசை வைக்கவில்லை. வேட்டியின் மேல் மாம்பழ மஞ்சளை ஓடவிட்டேன். தோள்துண்டு முந்தானையானது. தலையில் ஒரு கொண்டை வைத்தேன்.

அம்மா கண் நிறையச் சிரித்தார். "'ஏட்டி, எனக்கு இம்புட்டுக் கழுத்தா'ன்னு கேப்பாவ!"

நான் கண்டிராத அந்த மதினியை எனக்கும் ஒருமுறை பார்க்க வேண்டும் போலிருந்தது.

இப்போதெல்லாம் தூரிகையை நனைக்குமுன், "அவியன்னா யாரு?" என்று கேட்கிறேன். வராதவரைப் பற்றி அவர்கள் சொல்லி முடிக்கும்வரை தாள் வெள்ளையாகவே காத்திருக்கிறது.